என்ன வேல செஞ்சாருன்னு யாரும் கேக்கல

(தருமபுரியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



கல்தூசும் புற்றுநோயும் பற்றிப் பேசு என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்ல. டிரில் அடிச்சவரோட மகன். அதனால புத்தகத்துல தொடங்கப் போறதில்ல, ஒரு சீட்டுல தொடங்கறேன். இதோ, கையில இருக்கு. 2008-ஆம் வருசம் எங்கப்பாவுக்குப் போட்ட ஆஸ்பத்திரி சீட்டு. பெயர். வயது 50. ஆண். நுரையீரலில் புற்றுநோய். முன்பு மூன்று முறை டி.பி. மருந்து எடுத்தவர். பீடிப் பழக்கம் 25 ஆண்டுகள். தொழில்: கூலி.

இதுல எல்லாம் எழுதியிருக்கு, இல்லையா? எத்தனை வருசம் பீடி குடிச்சாருன்னு கூட எழுதியிருக்கு. ஆனா 'தொழில்' என்ற இடத்தைப் பாருங்கள். கூலி என்பது காசு வாங்குகிற விதம். அது வேலையின் பேர் இல்லை. கரும்பு வெட்டுகிறவரும் கூலி, மூட்டை தூக்குகிறவரும் கூலி, பாறையில துளை போடுறவரும் கூலி. இந்த ஒரு சொல்லுக்குள்ள எங்கப்பாவோட 18 வருசம் காணாமப் போச்சு. அந்தப் 18 வருசத்தைத் திரும்பத் தேடி எடுக்கிறதப் பத்திதான் இன்னிக்கு நான் பேசப் போறேன்.

1982-லிருந்து 2000 வரை அப்பா கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரிகளில் வேலை செய்தார். அப்போது அது நம்ம தருமபுரி மாவட்டம்தான். 2004-ல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. பெரிய பாறையிலிருந்து சதுரமா ஒரு கல்லைப் பெயர்க்கணும்னா வரிசையா துளை போட்டுக்கிட்டே போகணும். கம்ப்ரசர் காத்துல ஓடுற டிரில் மிசினைக் கையால அமுக்கிப் பிடிச்சிருப்பாரு. உடம்பு முழுக்க அதிரும். துளையிலிருந்து வெள்ளையா மாவு மாதிரி பொங்கி முகத்துல அடிக்கும். சாயந்திரம் வூட்டுக்கு வரும்போது தலை, புருவம், கண்ணிமை எல்லாம் வெள்ளை. சின்னப் பசங்க நாங்க 'அப்பா கெழவனாயிட்டாரு'ன்னு சிரிப்போம். முகத்துக்கு ஒரு துண்டு. அதுதான் பாதுகாப்பு. மேஸ்திரி வெல்லம் கொடுப்பார். வெல்லம் தின்னா தூசு எறங்கிடும்னு சொல்லுவார். வெல்லம் போறது வயித்துக்கு, தூசு போறது நுரையீரலுக்கு. ரெண்டுக்கும் வழி வேற வேறன்னு எங்களுக்குச் சொல்ல ஆள் இல்ல.

இந்தத் தூசை அடக்க ராக்கெட் விடத் தேவையில்லை. துளை போடுகிற இடத்தில் தண்ணீர் பாய்ந்தால் தூசு சேறாகிக் கீழே வழிந்துவிடும். ஈரத் துளையிடல் என்று இதற்குப் பேர். உலகத்துக்குத் தெரிந்து நூறு வருசத்துக்கு மேல் ஆகிறது. பின்னாளில் எங்க பக்கத்து குவாரிகளுக்கு வைரத்துண்டு பதித்த ஒயர் வந்தது, பாறையை அறுக்க. அந்த ஒயர் சூடானால் அறுந்துபோகும், விலை அதிகம். அதனால அதுக்கு லாரியில தண்ணி வந்தது. அதே குவாரியில, அதே நாள்ல, பத்தடி தள்ளி நின்னு டிரில் அடிச்சவனுக்குத் தண்ணி இல்ல. ஒயர் அறுந்தா நட்டம் முதலாளிக்கு. ஆள் செத்தா நட்டம் காலனிக்கு. தோழர்களே, தண்ணி இல்லாம இல்ல. யாருக்குத் தண்ணிங்கறதுதான் கேள்வி. இந்தக் கேள்வி நமக்குப் புதுசா?

இனி அந்தத் தூசு உள்ளே போய் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நம்ம ஊர்ல வெங்கச்சங்கல்னு சொல்றோமே, அதுதான் குவார்ட்ஸ். படிக வடிவத்தில் இருக்கிற சிலிகா. பொதுவாகக் கிரானைட்டில் நூற்றுக்கு 20 முதல் 40 பங்கு வரை அது இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற தூசு மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும்; சளியோட வெளிய வந்துடும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான துகள் இருக்கிறதே, அதுதான் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகிறது. துண்டு அதைத் தடுக்காது. துண்டின் நூலிடைவெளி அதுக்கு மதகு மாதிரி.

உள்ளே வந்த துகளை உடம்பின் காவல் செல் விழுங்குகிறது. கிருமியாக இருந்தால் செரித்துவிடும். இது கல். கல்லை எப்படிச் செரிப்பது? காவல் செல் செத்துப்போகிறது, துகள் வெளியே வருகிறது, அடுத்த செல் விழுங்குகிறது, அதுவும் சாகிறது. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் புண், புண் ஆறித் தழும்பு. தழும்பு ஏறிய நுரையீரல் விரியாது. இதுதான் சிலிக்கோசிஸ். தழும்பானதைத் திருப்ப மருந்தில்லை. வேலையை விட்ட பிறகும் நோய் வளரும், ஏனென்றால் கல் உள்ளேயே இருக்கிறது. இந்த ஓயாத புண்ணில் செல்களின் மரபுப் பொருளும் சிதைகிறது. அங்கேதான் புற்று தொடங்குகிறது, பெரும்பாலும் இருபது வருசம் கழித்து, ஆள் குவாரியை மறந்து ஆடு மேய்த்துக்கொண்டிருக்கும்போது. சிலிக்கோசிஸ் உள்ளவருக்கு நுரையீரல் புற்று வருகிற வாய்ப்பு மற்றவரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-ல், வேலையிடங்களில் சுவாசிக்கப்படும் படிகச் சிலிகாத் தூசை முதல் வகுப்பில் வைத்தது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும், சந்தேகமில்லை என்பது அந்த வகுப்பு. ஆஸ்பெஸ்டாஸ் அதில் முன்பே இருந்தது. புகையிலைப் புகையும் 1986 முதல் அதில் இருக்கிறது. 2012-ல் வெளியிட்ட தொகுதியில் சிலிகா பற்றிய முடிவை மறுபடி உறுதி செய்தார்கள். 1997-ல எங்கப்பா டிரில்தான் அடிச்சிக்கிட்டிருந்தாரு. அதுக்கப்புறமும் மூணு வருசம் அடிச்சாரு. அந்தச் சேதி அவர் நின்ன பாறைக்கு வரல.

இங்க ஒரு தோழர் மனசுக்குள்ள கேக்கறது எனக்குக் கேக்குது. 'உங்கப்பா பீடி குடிச்சாரில்ல?' குடிச்சாரு. நான் மறைக்கல. பீடியும் புற்று உண்டாக்கும், அதையும் நான் மறுக்கல. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். பீடிப் புகையும் பாறைத் தூசும் ஒரே வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அப்படியிருக்க இந்தச் சீட்டில் ஒன்றுக்கு மட்டும் 25 ஆண்டு என்று கணக்கு, இன்னொன்றுக்கு ஒரு வரிகூட இல்லை. ஏன்? பீடி அவனோட தப்பு. தூசு வேற ஒருத்தனோட தப்பு. அவனோட தப்பை மட்டும் எழுதற பேனா எங்கிருந்து வருது?

எங்க சின்னம்மா கதையைச் சொல்றேன். கிரஷர்ல ஜல்லி வாரிக் கூடை தூக்கினவங்க. வாழ்நாளில் ஒரு பீடியைத் தொட்டதில்லை. அவங்களுக்கும் இருமல், மூச்சு வாங்கல், எடை குறைச்சல். அவங்களுக்கும் டி.பி. மருந்து. சளியில் கிருமி இருக்கா என்று பார்த்தார்கள், இல்லை. மருந்தை முடித்தார்கள், இருமல் நிற்கவில்லை. மறுபடி மருந்து. பீடி இல்லாத நுரையீரலுக்கு என்ன காரணம் எழுதுவது? 'கூலி' என்று எழுதிவிட்டார்கள்.

டாக்டர்களைத் திட்ட இதைச் சொல்லவில்லை. சிலிக்கோசிஸ் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியில் புள்ளிபுள்ளியாகத் தெரியும். டி.பி.யும் மேல்பகுதியில்தான் அதிகம் தெரியும். தூசு தின்ற நுரையீரலில் டி.பி.யும் சுலபமாகப் புகும். இரண்டும் சேர்ந்தே இருப்பதுண்டு. படத்தை மட்டும் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். பிரித்துக் காட்டுவது ஒரே ஒரு கேள்விதான்: 'என்ன வேல செஞ்ச? எத்தனை வருசம்?' அந்தக் கேள்விக்கு செலவில்லை, மிசின் வேண்டாம். ஆனாலும் எங்கப்பாகிட்ட மூணு டி.பி. காலத்துலயும் யாரும் அதைக் கேக்கல.

இது இன்று நேற்று வந்த மறதி இல்லை. நம்ம பக்கத்தில் இருக்கிற கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்ளுங்கள். வட ஆற்காடு, சேலம், சித்தூர் சேரிகளிலிருந்து போன நம் சனங்கள்தான் அங்கே பூமிக்கடியில் இறங்கினார்கள். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். பண்டிதர் அயோத்திதாசரின் 'தமிழன்' இதழை ஊன்றி வாசித்தவர்கள் அந்த மண்ணில் இருந்தார்கள். அவர் மறைந்த பிறகு அவர் எழுத்துகளை நூலாக்கியது அங்குள்ள சாம்பியன் ரீப் சித்தார்த்த புத்தகசாலை. நம் சிந்தனையின் வரலாற்றில் தங்கவயலுக்கு இந்த இடம் உண்டு என்பதை எல்லாரும் பேசுகிறோம். அந்தச் சனங்களின் நுரையீரல் வரலாற்றை எத்தனை பேர் பேசுகிறோம்? 1940-களில் அங்கே ஏழாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 43 பேருக்கு மேல் சிலிக்கோசிஸ். அதாவது இந்த நாட்டுக்கு, நம் மக்களின் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தே, நாற்பதுகளில் இந்த நோய் தெரியும். 2001-ல் அந்தச் சுரங்கத்தை மூடினார்கள். அந்த அறிவையும் சேர்த்து மூடிட்டாங்க.

கடல் தாண்டியும் இதே கதை. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் 1930-31-ல் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் மலையைக் குடைந்து மின்சாரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக ஒரு சுரங்கவழி வெட்டினார்கள். ஏறக்குறைய முழுக்கவே சிலிகாவான பாறை. தண்ணீர் இல்லாமல் காய்ந்த துளையிடல். உள்ளே வேலை செய்தவர்களில் பெரும்பகுதி தெற்கிலிருந்து பிழைக்க வந்த கறுப்பின மக்கள். சில மாதங்களிலேயே சாக ஆரம்பித்தார்கள். அந்தச் சாவுகளுக்கு என்ன பேர் வைத்தார்கள் தெரியுமா? நிமோனியா என்றார்கள். 'டனலைட்டிஸ்' என்று இல்லாத ஒரு நோயைக்கூட உண்டாக்கினார்கள். 1936-ல் அந்த நாட்டு நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது 476 சாவு என்று கணக்கு வந்தது. 1986-ல் ஒரு மருத்துவர் ஆராய்ந்து, குறைந்தது 764 என்றார். வெள்ளையர் இடுகாட்டில் கறுப்பருக்கு இடமில்லை என்று ஒரு வயலில் பேரில்லாமல் புதைத்தார்கள். சுடுகாட்டுக்குப் பாதை கேட்டுப் போராடுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே நிறம், இங்கே சாதி. தூசு எல்லார் நெஞ்சிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும். யார் நெஞ்சைத் தூசுக்கு முன்னால நிறுத்தறதுங்கறதைத்தான் சாதி முடிவு பண்ணுது.

சட்டம் என்ன சொல்கிறது? 1923-ஆம் ஆண்டின் ஈட்டுத்தொகைச் சட்டத்தில் தொழில்நோய்ப் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் சிலிக்கோசிஸ் உண்டு. ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்றும் பேர் சொல்லி இருந்தது. சிலிகாத் தூசால் வரும் நுரையீரல் புற்றுக்கு அந்தப் பட்டியலில் பேர் இல்லை. 2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைப்படுத்தி, அந்தப் பழைய சட்டத்தையும், தொழிற்சாலைச் சட்டத்தையும், சுரங்கச் சட்டத்தையும் அதற்குள் கரைத்துவிட்டார்கள். சட்டத்தின் பேர் மாறலாம். நாம் போடவேண்டிய கோரிக்கை மாறவில்லை: கல்தூசால் வரும் நுரையீரல் புற்றைப் பட்டியலில் பேர் சொல்லி எழுது.

இங்கே எதிர்த்தரப்பு ஒரு புத்திசாலித்தனமான கேள்வி போடும். 'இந்த ஒரு ஆளுக்குத் தூசாலதான் வந்துச்சுன்னு நிரூபி.' நேர்மையாகச் சொல்கிறேன், ஒரு ஆளை மட்டும் எடுத்து அதை நிரூபிக்க எந்த மருத்துவராலும் முடியாது. புற்றுக்கட்டியில் கையெழுத்து இருக்காது. நூறு பேரைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும். ஆயிரம் பேரைச் சேர்த்தால் பளிச்சென்று தெரியும். ஆனால் நூறு பேரைச் சேர்க்க நூறு சீட்டு வேணும். நூறு சீட்டிலும் 'கூலி'ன்னு எழுதியிருந்தா எதைச் சேர்ப்பீங்க? அதனால்தான் அந்த ஒரு சொல்லில் இவ்வளவு நேரம் நிற்கிறேன். எழுதாத வேலைக்கு நோய் இல்லை. நோய் இல்லாத சாவுக்குப் பொறுப்பாளி இல்லை.

எழுதினால் நடக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா, தார் மாவட்டங்களிலிருந்து ஆதிவாசிகள் குஜராத்துக்கு வெங்கச்சங்கல் அரைக்கிற ஆலைகளுக்குப் போனார்கள். நோயோடு திரும்பிச் செத்தார்கள். அவர்களுக்காக நின்றவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பேர், ஆலை, சாவு என்று ஒவ்வொன்றாக எழுதினார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம், செத்துப்போன 238 பேரின் குடும்பத்துக்கு ஆளுக்கு 3 லட்சம் கொடு என்று குஜராத் அரசுக்கு உத்தரவு போட்டது. ராஜஸ்தானில் 2019-ல் அரசே கொள்கை அறிவித்தது: சிலிக்கோசிஸ் என்று சான்று கிடைத்தால் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். உயிருக்கு இது விலை இல்லைதான். ஆனா அரசாங்கத்தோட தாள்ல நோய்க்குச் சரியான பேர் ஏறினதே அங்க ஒரு வெற்றி. இன்னொரு தீர்ப்பும் மனசுல வச்சுக்குங்க. 1995 சனவரியில் ஆஸ்பெஸ்டாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை காக்கவேண்டும் என்றது. நோய் வர அத்தனை காலம் ஆகும் என்று நீதிமன்றத்துக்கே தெரிந்திருக்கிறது.

நமக்கு யார் காத்து வைத்தார்கள்? காத்து வைத்தது ஒண்ணே ஒண்ணு. முன்பணக் கணக்கு.

அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர். மேஸ்திரி ஏமாத்திடுவான்னு பயந்து, நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து தினம் ராத்திரி என்னை உக்கார வச்சு ஒரு நாப்பது பக்க நோட்டுல எழுதச் சொல்லுவாரு. எத்தனை அடி துளை போட்டாரு, அடிக்கு எவ்வளவு, முன்பணத்துல எவ்வளவு பிடிச்சாங்க. துளைக்கு அடிக்கணக்குலதான் கூலி. அந்த நோட்டுகளில் அஞ்சு மிஞ்சியிருக்கு. அவர் செத்து ரெண்டு வருசம் கழிச்சு பரண்ல கிடைச்சது. அதில் குவாரி இருந்த ஊர் இருக்கு, தேதி இருக்கு, அடி இருக்கு. கடனுக்காக எழுதின கணக்குதான் இன்னிக்கு அவர் அந்தப் பாறையில நின்னாருங்கறதுக்கு இருக்கிற ஒரே தாள். அது என் கையெழுத்து. ஆஸ்பத்திரியில அந்தச் சீட்டு போட்டப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன். 'கூலி'ன்னு சொன்னது நான்தான் தோழர்களே. 'அப்பா என்ன செய்யறாரு'ன்னு கேட்டாங்க, 'கூலி'ன்னேன். அதுக்கு மேல அவங்க கேக்கல. எனக்கும் அதுக்கு மேல சொல்லத் தோணல. பள்ளிக்கூடத்துல கேட்டப்பவும் அதைத்தான் சொன்னேன். நம்மளையே நம்ம வேலையை மறக்க வச்சிருக்காங்க.

அதனால் மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் காலனியில் குவாரிக்கும் கிரஷருக்கும் போனவர் ஒவ்வொருவரிடமும் உட்காருங்கள். என்ன வேலை: டிரில்லா, உளியா, கிரஷரா, பாலீஷா? எந்த வருசத்திலிருந்து எந்த வருசம் வரை? தண்ணி விட்டா, காய்ஞ்சா? என்ன கல்? கல்லின் பேர் முக்கியம். நம்ம பக்கத்துக் கறுப்புக் கல்லில் குவார்ட்ஸ் மிகக் குறைவு. வரிவரியா இருக்கிற பாரடைசோவில் அதிகம். கூட வேலை செஞ்சவங்க யார்? டி.பி. மருந்து எத்தனை முறை, சளியில் கிருமி இருந்ததா? எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் போட விடாதீர்கள். ஜன்னலுக்கு மறைப்பாக மாட்ட விடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் கூடப் போங்கள். சீட்டு எழுதும்போது 'கூலி' என்று எழுதவிட்டு வராதீர்கள். 'பாறையில டிரில் அடிச்சாரு, 18 வருசம், தண்ணி இல்லாம' என்று எழுதச் சொல்லுங்கள். பீடி குடிச்சா அதையும் எழுதட்டும். நாம எதையும் மறைக்க வேண்டாம்.

இது பழைய கதையும் இல்லை. நம்ம பசங்க இப்ப பெங்களூருக்குப் போறாங்க. சமையல் மேடைக் கல்லையும் டைல்ஸையும் கையில பிடிக்கிற மிசினால காய்ஞ்சபடியே அறுக்கறாங்க. செயற்கையாகச் செய்கிற கல்லில் பல வகைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சிலிகா. ஆஸ்திரேலியா அந்தக் கல்லையே 2024 சூலை 1 முதல் தடை செய்துவிட்டது, இளவயசுத் தொழிலாளிகளுக்கு சிலிக்கோசிஸ் வந்ததால். பாறை மாறியிருக்கு, ஊர் மாறியிருக்கு, பையனோட காலனி மட்டும் மாறல.

அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்துக்கே போய் உள்ளே இறங்கிப் பார்த்தார். கோப்பை வைத்துக்கொண்டு டெல்லியில் இருந்திருக்கலாம். இறங்கினார். நாம் அவர் படத்தை மாட்டுகிறோம், சிலைக்கு மாலை போடுகிறோம். அவர் எறங்கின மாதிரி எறங்கினோமா? உங்க ஊர் குவாரிக்கு ஒரு தடவை போய் நில்லுங்க.

முடிக்கிறேன். இந்தச் சீட்டில் 'தொழில்: கூலி' என்பதற்குப் பக்கத்தில் நான் இப்போது பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்: 'கிரானைட் குவாரியில் டிரில் அடித்தவர், 1982–2000.' ஆஸ்பத்திரி முத்திரை அதுக்குக் கெடையாது, எனக்குத் தெரியும். எங்கப்பாவுக்கு இது இனிமே உதவாது. ஆனா சின்னம்மா இன்னும் இருமிக்கிட்டிருக்காங்க. அடுத்த வாரம் அவங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறேன். இந்தத் தடவை வாசல்ல 'என்ன தொழில்'னு கேட்டா என்ன சொல்லணும்னு ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கோம்.